படகுக் கடனும் பயிற்சி வகுப்பும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழின் இப்பகுதியில், ரிசர்வ் வங்கி தன் அதிகாரிகளுக்கு மட்டுமன்றி மற்ற வங்கிகளின் அதிகாரிகளுக்கும் பயிற்சி அளிக்கிறது, தன் அதிகாரிகளை வெளிநாட்டுக்கும் அனுப்பிப் படிக்க வைக்கிறது என்று நான்கு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, தொண்டி முதல் இராமேசுவரம் வரையிலான கடற்கரையிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. முப்பதாண்டுக்கும் மேலாக ஒரு பொதுத்துறை வங்கியில் பணியாற்றியவன், அதில் ஒரு பகுதியை இதே கரையில் கழித்தவன் என்ற முறையில், ஐந்து கடிதங்களுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, நான் பி.காம். இறுதியாண்டு மாணவி. அப்பா விசைப்படகில் கூலிக்குக் கடலுக்குப் போகிறார். ரிசர்வ் வங்கி அதிகாரி தேர்வு எழுத விரும்புகிறேன். தேர்வானால் எடுத்த எடுப்பில் நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்களா, கற்றுக் கொடுப்பார்களா? பொருளாதாரம் படிக்காதவர்கள் அங்கே தாக்குப்பிடிக்க முடியுமா?
(கல்லூரி மாணவி, தங்கச்சிமடம்)

பதில்: முடியும், மகளே. ‘பி’ நிலை அதிகாரிகளின் பொதுப் பிரிவுத் தேர்வை எந்தப் பட்டம் பெற்றவரும் எழுதலாம். பொதுப் பிரிவினருக்கு 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு 50 விழுக்காடு போதும். வயது 21 முதல் 30 வரை இருக்கலாம். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. முதல் கட்டத்தில் பொது அறிவு, ஆங்கிலம், கணக்கு, தர்க்கம் ஆகியவற்றைச் சோதிக்கிறார்கள். இரண்டாம் கட்டத்தில் பொருளாதார சமூகப் பிரச்சினைகள் பற்றி ஒரு தாள், ஆங்கிலத்தில் எழுதும் திறன் பற்றி ஒரு தாள், நிதியும் மேலாண்மையும் பற்றி ஒரு தாள் என மூன்று தாள்கள் உள்ளன. அதன் பிறகு நேர்முகத் தேர்வு. நீங்கள் கல்லூரியில் படிக்கும் கணக்கியலும் நிதியும் மூன்றாவது தாளுக்கு நேரடியாகவே உதவும். பொருளாதாரத்தை ஓராண்டு முறையாகப் படித்தால் எட்டிப் பிடித்துவிடலாம்.

கற்றுக் கொடுப்பார்களா என்ற உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. தேர்வு எழுதும் பலர் அதைக் கேட்பதே இல்லை. சென்னை அண்ணா சாலையில் ரிசர்வ் வங்கிப் பணியாளர் கல்லூரி இருக்கிறது. 1963ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. புதிதாகச் சேரும் அதிகாரிகளுக்கான அறிமுகப் பயிற்சியிலிருந்து, பல ஆண்டு பணியாற்றியவர்களுக்கான மேலாண்மை வகுப்புகள் வரை அங்கே நடந்து வந்திருக்கின்றன. ஒரு மத்திய வங்கிக்கு இது ஏன் இத்தனை இன்றியமையாதது என்றால், அந்த வங்கி செய்யும் வேலைகளுக்கு வெளியே எந்தப் பல்கலைக்கழகத்திலும் முழுமையான பாடத்திட்டம் கிடையாது. ரூபாய் நோட்டை வெளியிடுவது, பழைய நோட்டைத் திரும்பப் பெற்று அழிப்பது, அரசின் கணக்கையும் கடனையும் நிர்வகிப்பது, அந்நியச் செலாவணிக் கையிருப்பைக் காப்பது, வங்கிகளைக் கண்காணிப்பது, பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குச் செல்லும் வழிகளைப் பாதுகாப்பது, 2016 முதல் சட்டப்படி பணவீக்கத்தை 4 விழுக்காட்டை ஒட்டி, இருபுறமும் 2 விழுக்காட்டு எல்லைக்குள் வைத்திருப்பது ஆகிய இத்தனையும் ஒரே நிறுவனத்தின் பொறுப்பு. பொதுப் பிரிவில் சேரும் அதிகாரி பணிக்காலத்தில் இவற்றில் பல துறைகளைக் கடந்து செல்ல வேண்டியிருக்கும். சில ஆண்டுகள் நோட்டு வெளியீட்டுத் துறையில் இருந்தவர் பின்னர் கூட்டுறவு வங்கி ஒன்றின் கணக்கேட்டை ஆய்வு செய்யச் செல்வார். ஒவ்வொரு மாற்றத்திலும் அவர் மறுபடி மாணவராகத்தான் வேண்டும்.

1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் இயங்கி வந்ததை நீங்கள் அறிவீர்கள். அதன் தலைமையகம் பின்னர் கொச்சிக்குப் போனாலும் ஆராய்ச்சி மையம் இன்றும் மண்டபத்தில் இருக்கிறது. விலங்கியலில் பட்டம் பெற்று வரும் இளைஞர், இறங்குதளத்தில் விடியற்காலையில் நின்று, கூடை கூடையாக இறங்கும் மீனை இனம் பிரிக்கவும் எடையைக் கணிக்கவும் பழகிய பிறகே அந்த வேலைக்கு உரியவராகிறார். வங்கிக் கண்காணிப்பும் அப்படித்தான். ஒரு வங்கியின் இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அந்தக் குறிப்பில் எழுதப்படாமல் விடப்பட்டது எது என்று கேட்கத் தெரிந்தவரைப் பயிற்சியும் பழக்கமும் சேர்ந்துதான் உருவாக்க வேண்டும்.

இதற்கு ஓர் அண்மைக்காலச் சான்று சொல்கிறேன். 2018இல், உள்கட்டமைப்புத் திட்டங்களுக்கு நிதி தந்து வந்த ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். குழுமம் வாங்கிய கடனைத் திருப்பித் தரத் தவறியது. வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் பலவும் அதனால் தடுமாறின. வங்கிகளுக்கு ஒரு கண்காணிப்புத் துறை, நிதி நிறுவனங்களுக்கு இன்னொன்று, கூட்டுறவு வங்கிகளுக்கு வேறொன்று என்று பிரிந்திருந்த ஏற்பாட்டை ரிசர்வ் வங்கி 2019இல் ஒன்றாக இணைத்தது. கண்காணிப்புக்கும் ஒழுங்குமுறைக்கும் தனித் தேர்ச்சி பெற்ற அதிகாரிகளின் அணி வேண்டும் என்று அதன் மத்தியக் குழு அதே ஆண்டு மே மாதம் முடிவெடுத்தது. 2020 தொடக்கத்தில் கண்காணிப்பாளர்களுக்கென்றே ஒரு கல்லூரியும் உருவானது. துறைகளை இணைப்பதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். இணைந்த துறையில் வேலை செய்யத் தெரிந்த ஆட்களுக்குக் கல்லூரி வேண்டியிருந்தது.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். முதுநிலைப் படிப்புக்குச் சென்றால், ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நடத்தும் கோடைக்கால உள்ளகப் பயிற்சிக்கு (இன்டர்ன்ஷிப்) விண்ணப்பியுங்கள். அதற்கு உதவித்தொகையும் உண்டு. இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் அதற்கு விண்ணப்பித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை என்பது எனக்கு வருத்தம்.

கேள்வி: அதிகாரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்க வைப்பதாக எழுதியிருந்தீர்கள். மக்கள் பணத்தில் இது தேவைதானா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தேவிபட்டினம்)

பதில்: கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள், ஐயா. ரிசர்வ் வங்கி வரிப்பணத்தில் இயங்குவதில்லை. தன் வருமானத்திலிருந்தே செலவு செய்கிறது. ஆனால் செலவு போக மிஞ்சும் உபரி மத்திய அரசுக்குச் செல்கிறது. 2024-25ஆம் ஆண்டுக்கு அவ்வாறு சென்ற தொகை ரூ.2,68,590 கோடி. ஆகவே பயிற்சிக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் சுற்றி வந்தால் மக்கள் பணந்தான்; அதை நான் மறுக்கவில்லை.

இருந்தும் தேவை என்றே சொல்வேன். வங்கிகள் எவ்வளவு மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்ற உலக விதிகள் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், பல நாட்டு மத்திய வங்கிகளின் பிரதிநிதிகள் கூடிப் பேசும் இடத்தில் உருவாகின்றன. அங்கே நம் அதிகாரி எழுந்து, சிறு தொழிலுக்குக் கொடுக்கும் கடனை நீங்கள் நினைப்பதைப் போல எடை போட முடியாது என்று கணக்கோடு வாதாட வேண்டுமானால், எதிரே இருப்பவர் படித்த அளவுக்கு அவரும் படித்திருக்க வேண்டும். அதிகாரிகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் உயர்கல்வி பெறப் பொன்விழா உதவித்தொகைத் திட்டம் என்ற ஒன்றை ரிசர்வ் வங்கி வைத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் கடல் கடக்க வேண்டியதும் இல்லை. பன்னாட்டு நிதியம் தெற்காசிய நாடுகளுக்கான பயிற்சி மையத்தை 2017இல் புதுதில்லியிலேயே தொடங்கிவிட்டது.

உங்கள் ஐயத்தில் நியாயம் இருக்கும் இடம் வேறு. படித்து வந்தவரைப் படித்ததற்குத் தொடர்பில்லாத மேசையில் உட்கார வைத்தால் அந்தச் செலவு வீண். நான் இருந்த வங்கியில் அதைக் கண்ணால் கண்டேன். அந்நியச் செலாவணி இடர்களை அளவிடும் முறையை மூன்று மாதம் படித்துத் திரும்பிய ஒருவர், திரும்பிய வாரமே கட்டடப் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். அவர் கொண்டுவந்த குறிப்பேடுகளை யாரும் திறந்து பார்க்கவில்லை. ஒரு பயிற்சிக்கு எத்தனை பேரை அனுப்பினோம் என்ற எண்ணிக்கையை ஆண்டறிக்கையில் போடும் எந்த நிறுவனமும், அவர்களில் எத்தனை பேர் அதே வேலையில் இரண்டாண்டு நீடித்தார்கள் என்பதையும் போட்டால், உங்களைப் போன்றவர்கள் கேட்பதற்கு விடை கிடைத்துவிடும்.

கேள்வி: அதிகாரிகளுக்கு மட்டும்தான் பயிற்சியா, உதவியாளர்களுக்கும் உண்டா?
(வேலை தேடுபவர், தொண்டி)

பதில்: உண்டு. அவர்களுக்கென்றே மண்டலப் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. நோட்டுகளைக் கையாளும் பிரிவில் வேலை செய்பவர் பாதுகாப்பு இழை, நீரெழுத்து, விரலில் தட்டுப்படும் மேடான அச்சு ஆகியவற்றை நன்கு அறிந்திருக்க வேண்டும். 100 ரூபாய் நோட்டின் ஓரத்தில் நான்கு சாய்கோடுகளும் 500 ரூபாய் நோட்டில் ஐந்து கோடுகளும் பார்வையற்றோர் தடவி அறிவதற்காக இருப்பதைக் கூடப் பலர் வேலையில் சேர்ந்த பிறகே கற்கிறார்கள். உதவியாளர் தேர்வுக்குப் பட்டப்படிப்பில் 50 விழுக்காடும், 20 முதல் 28 வரையான வயதும் வேண்டும். விண்ணப்பிக்கும் மாநிலத்தின் மொழியில் தேர்ச்சி இருக்கிறதா என்றும் சோதிப்பார்கள். தமிழ்நாட்டில் அது உங்களுக்குச் சாதகம்.

கேள்வி: எங்கள் உறவினர் தலைமன்னாரில் இருக்கிறார்கள். அங்குள்ள மத்திய வங்கியிலும் இப்படிப் பயிற்சி உண்டா? இரு நாட்டு வங்கிகளும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்பதுண்டா?
(இல்லத்தரசி, இராமேசுவரம்)

பதில்: இலங்கை மத்திய வங்கி 1950ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கியது. அதன் முதல் ஆளுநர் ஜான் எக்ஸ்டர் அமெரிக்காவின் மத்திய வங்கியிலிருந்து வந்தவர். அன்று உள்நாட்டில் அந்த வேலை தெரிந்தவர்கள் மிகக் குறைவு என்பதையே இது காட்டுகிறது. மூன்றாண்டுகளில் இலங்கையரான என்.யூ. ஜயவர்தன அப்பொறுப்புக்கு வந்தார். இன்று அந்த வங்கிக்குக் கொழும்பை ஒட்டிய இராஜகிரியவில் வங்கியியல் கல்விக்கென ஒரு மையம் இருக்கிறது. மற்ற வங்கிகளின் ஊழியர்களும் அங்கே படிக்கிறார்கள். தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் உறுப்பு நாடுகளின் மத்திய வங்கிகள் 1998இல் சார்க்ஃபைனான்ஸ் என்ற அமைப்பை ஏற்படுத்தித் தங்களுக்குள் கருத்தரங்குகளும் அதிகாரிகள் பரிமாற்றமும் நடத்தி வருகின்றன. கரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மீனைப் பற்றிப் பேசும் மக்களுக்கு நடுவே, அந்த மீனின் விலையையும் நாணயத்தின் மதிப்பையும் பற்றிப் பேச ஒரு பொது மேசை இருப்பது நல்லதுதான்.

கேள்வி: விசைப்படகுக்கு இயந்திரம் வாங்க வங்கியில் கடன் கேட்டேன். மாதா மாதம் தவணை கட்ட வேண்டும் என்கிறார்கள். விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாத மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கிருந்து கட்டுவது என்றால், விதி அப்படி என்கிறார்கள். நம் தொழிலைப் பற்றி இந்த அதிகாரிகளுக்கு யாரும் பாடம் நடத்துவதே இல்லையா?
(படகு உரிமையாளர், மண்டபம்)

பதில்: நடத்துகிறார்கள். ஆனால் அந்தப் பாடம் மண்டபம் வரை வந்து சேர்வதில்லை. அதில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இளம் மேலாளராக இந்தக் கரையில் ஒரு கிளைக்கு வந்தபோது, ஒரு சம்மாட்டிக்கு, அதாவது படகு உரிமையாளருக்கு, விசைப்படகுக் கடன் கொடுத்தேன். பன்னிரண்டு மாதமும் சமத் தவணை என்று எழுதினேன்; நான் படித்த விண்ணப்பப் படிவத்தில் அதற்கு மேல் ஒரு கட்டமும் இல்லை. அப்போது தடைக்காலம் 45 நாள். தடைக்காலம் வந்தது, தவணை நின்றது, நான் அறிவிப்பு அனுப்பினேன். அவர் ஏலம் எடுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி என் தவணையைக் கட்டினார். அதன் பிறகு அவருடைய இறால் முழுவதையும் அந்த வியாபாரி சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டியதாயிற்று. என் கணக்கேட்டில் அந்தக் கடன் ஒழுங்கான கடனாகத் தெரிந்தது. அந்தக் குடும்பத்துக்கு அது என்ன செய்தது என்பது எனக்குத் தெரிய இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

அதற்குப் பிறகுதான் என்னைப் புனேயிலுள்ள வேளாண் வங்கியியல் கல்லூரிக்கு அனுப்பினார்கள். ரிசர்வ் வங்கி 1969இல் தொடங்கிய கல்லூரி அது; வணிக வங்கி, கிராம வங்கி, கூட்டுறவு வங்கி அதிகாரிகள் எல்லோரும் அங்கே ஒரே வகுப்பில் உட்காருவார்கள். கடன் வாங்குபவரின் வீட்டுக்குப் பணம் எந்த மாதம் வருகிறது, எந்த மாதம் போகிறது என்பதை ஒரு தாளில் வரைந்துவிட்டு, அதற்குப் பிறகு தவணையை எழுதுங்கள் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். உதாரணம் கரும்பும் கறவை மாடும். நான் என் தாளில் பாக் நீரிணையை வரைந்தேன். ஏப்ரல் 15 முதல் தடை. மற்ற நாட்களிலும் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான்; மீதி நாட்கள் நாட்டுப்படகுக்கு. வாடைக்காற்று வலுக்கும்போது அந்த மூன்று நாளும் உறுதியில்லை. வரைந்து முடித்தபோது, நான் எழுதிக் கொடுத்த சமத் தவணைக்கு இடமே இல்லை என்பது கண்ணெதிரே தெரிந்தது.

இன்று தடைக்காலம் ஜூன் 14 வரை 61 நாள். விதியும் இன்று உங்கள் பக்கம் கொஞ்சம் நெருங்கி வந்திருக்கிறது. உழவர் கடன் அட்டைத் திட்டத்தை மீன்பிடித் தொழிலுக்கும் விரிவுபடுத்தி 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, டீசல், பனிக்கட்டி, கூலி, இறங்குதளக் கட்டணம் போன்ற நடைமுறைச் செலவுகளுக்குக் கடன் தரலாம் என்கிறது. அதைத் திருப்பிச் செலுத்தும் முறையைத் தொழிலில் வருமானம் வரும் போக்கை ஒட்டியே நிர்ணயிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பதிவு செய்த படகும் மீன்பிடி உரிமமும் உள்ளவர்கள் அதற்குத் தகுதியானவர்கள். நீங்கள் கேட்டிருக்கும் இயந்திரக் கடன் அந்த அட்டையின் கீழ் வராது. அது தவணைக் கடன். ஆனால் தவணைக் கடனை மாதச் சமத் தவணையாகத்தான் வசூலிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பருவத்தை ஒட்டித் தவணையைக் கூட்டியும் குறைத்தும் வைக்க வங்கிக்கு இடமுண்டு. உங்களிடம் விதி என்று சொல்லப்பட்டது பெரும்பாலும் கணினியில் முன்கூட்டியே பதிந்திருக்கும் ஒரு வழக்கமாக இருக்கும்.

அப்படியானால் அந்த மேலாளருக்கு ஏன் தெரியவில்லை? அவரை நான் குறை சொல்ல மாட்டேன். வேறு மாநிலத்திலிருந்து வந்திருப்பார், இரண்டு மூன்று ஆண்டில் மாறிச் செல்வார், வலையின் பெயர் தெரிவதற்குள் மாற்றல் உத்தரவு வந்துவிடும். வங்கிகளில் கருவூலம், இடர் மேலாண்மை, கணக்கு, கடன் ஆகிய பிரிவுகளில் வேலை செய்பவர்கள் அதற்கான சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்று 2016இல் ரிசர்வ் வங்கி வலியுறுத்தியது. நல்ல முடிவு அது. ஆனால் அந்தச் சான்றிதழ்ப் பாடங்கள் எல்லா ஊருக்கும் பொதுவானவை. பாம்பனுக்கும் பஞ்சாபுக்கும் ஒரே புத்தகம். இராமநாதபுரம் மாவட்டக் கிளைகளுக்கு வரும் ஒவ்வொரு மேலாளரும் முதல் மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை மண்டபம் இறங்குதளத்திலும், ஒரு நாள் பாம்பனில் கடற்பாசி எடுக்கும் பெண்களோடும், ஒரு நாள் உள்ளே முண்டு மிளகாய் விளையும் கரிசல் நிலத்திலும் கழிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினால், மூன்று நாளில் அவர் கற்பது எந்த வகுப்பிலும் கிடைக்காது. இதற்கு மத்திய வங்கி முன்கை எடுக்க வேண்டும் என்று நான் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன், இங்கும் சொல்கிறேன்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது இது. கடந்த இரண்டாண்டில் எந்த மாதம் எத்தனை நாள் கடலுக்குப் போனீர்கள், எவ்வளவுக்கு மீன் விற்றது, டீசலுக்கும் கூலிக்கும் எவ்வளவு போயிற்று என்பதை ஒரு தாளில் பன்னிரண்டு கட்டம் போட்டு எழுதுங்கள். ஏலச் சீட்டுகள் இருந்தால் இணையுங்கள். ஜூலை முதல் தவணை தொடங்கி, தடைக்காலத்தில் வட்டி மட்டும் கட்டுவதாக நீங்களே ஓர் அட்டவணை தயாரித்து, எழுத்து மூலமாக மேலாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். அப்போதும் நகரவில்லையென்றால் மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் செல்லுங்கள். ஆட்சியர் தலைமையில் நடக்கும் மாவட்ட வங்கியாளர் கூட்டத்துக்கு ரிசர்வ் வங்கியின் மாவட்ட அதிகாரியும் வருவார். உங்கள் மீனவர் சங்கத்தின் பெயரில், பத்துப் படகுகளின் கணக்கைச் சேர்த்து, தவணையைப் பருவத்தோடு பொருத்த வேண்டும் என்ற ஒரே கோரிக்கையை அந்தக் கூட்டத்தின் முன் வையுங்கள். ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முதலிலேயே போக வேண்டாம். கடன் தருவதும் மறுப்பதும் வங்கியின் வணிக முடிவு என்று அங்கே தள்ளுபடி செய்துவிட வாய்ப்பு அதிகம். தடைக்காலம் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பாவது அந்தத் தாள் மேலாளரின் மேசையில் இருக்கட்டும்.